கூரைக்குக் கீழே ஒரு பன்றி

குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொன்னதிலிருந்து எங்கள் சனிக்கிழமைகள் ஸ்ட்ராத்ஃபீல்டின் தெருவோரங்களில் கழிந்தன. வாடகை வீட்டைக் கால் மணி நேரம்தான் திறந்து காட்டுவார்கள். அதற்குத் தெருமுனை வரை வரிசை நிற்கும். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி, மனசுக்குள் சபித்தபடி. நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனேன். தரகர்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தார்களே தவிர, என் தலையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலி செய்யும் நாள் நெருங்கியது. மனைவி பாத்திரங்களைக் கட்டுவாள், சமைக்க வேண்டும் என்று பிரிப்பாள், மறுபடி கட்டுவாள். போகிற இடம் தெரியாத பெட்டியின் மேல் என்ன எழுதுவது? மகள் தன் புத்தகப் பெட்டியின் மேல் 'கார்' என்று எழுதி வைத்தாள். கிண்டலா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் புறநகரான லிட்கமில் ஒரு பின்வீடு காலியாக இருப்பது தெரியவந்தது. தரகர் கிடையாது. முன்வீட்டில் தனியாக வசித்த கொரியப் பெரியவர் தானே ஆள் பார்த்து வாடகைக்கு விடுவாராம். நாங்கள் வீட்டைப் பார்க்கப் போனபோது அவர் கூடத்தில் தூரிகையால் எழுதிய ஒற்றைச் சீன எழுத்து மாட்டியிருந்தது: 家. ஞாயிற்றுக்கிழமை டீக்கு வாருங்கள், இன்னும் இரண்டு குடும்பங்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மற்ற இருவருக்கும் என்னைவிட நல்ல சம்பளம் இருக்கும். எனக்கு இருந்தது ஒரு கைபேசியும் வெட்கமின்மையும். அந்த எழுத்தைப் படம் பிடித்து வந்து, வேலைக்குப் போகிற வருகிற ரயிலில் அதையே படித்தேன். மேலே இருப்பது கூரை. கீழே இருப்பது பன்றி. இரண்டும் சேர்ந்தால் வீடு, குடும்பம். வீட்டுக்கு அடியில் பன்றி வளர்த்ததால் அப்படி என்கிறார்கள் சிலர். முன்னோருக்குப் பன்றியைப் படைத்ததால் என்கிறார்கள் வேறு சிலர். சீனத்தில் ஜியா, கொரியத்தில் கா, ஜப்பானியத்தில் கா என்றும் இயெ என்றும் இடத்துக்கு ஒரு பெயர். இதற்கு முன்னால் 'பெரிய' என்ற எழுத்தைச் சேர்த்தால் சீனருக்கு அது 'எல்லாரும்', ஜப்பானியருக்கு 'வீட்டுக்காரர்', கொரியருக்கு 'துறை மேதை', வியட்நாமியருக்குப் 'பெரும் பணக்காரர்'. படித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. எந்த மொழியிலும் அது நானில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீ ஆறுவதற்குள் அத்தனையையும் கொட்டிவிட்டேன். பன்றி இல்லாமல் வீடே இல்லை என்பது எவ்வளவு பெரிய தத்துவம் என்று முடித்தேன். பெரியவர் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சொன்னார்: அவர் ஊரில் புது வீட்டுக்குப் போனால் வேகவைத்த பன்றித்தலையை நடுவீட்டில் வைத்து எல்லாரும் விழுந்து வணங்குவார்கள். சிரிக்கிற முகமாகப் பார்த்து வாங்க வேண்டும். தன் மனைவி போனபிறகு அவர் அதை விட்டுவிட்டார். இப்போது அர்த்தம் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார். வீடு உங்களுக்குத்தான். குடிவரும் அன்று பன்றித்தலையைப் பின்வீட்டிலேயே வைத்துவிடுவோம் என்றார்.

எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கைக்கூட உள்ளே விடமாட்டோம். என் மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நன்றி சொன்னாள்.

காரில் ஏறியதும் கேட்டாள். "பன்னிய பத்தி உங்கள யாரு பேசச் சொன்னா?"

"அந்த எழுத்துல இருக்கேம்மா."

"கூரையும்தான இருக்கு. அத பத்திப் பேசியிருக்கலாம்ல."

வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தெரு வந்தது. வாசலில் 'விற்கப்பட்டது' என்ற பட்டை புதிதாக ஒட்டியிருந்தது.

"எவ்ளோ நேரம் வெச்சிருப்பாங்க அந்தத் தலைய?"

"கும்பிட்டதும் எடுத்துட்டுப் போயிடுவாராம்."

"மொதல்ல நான் பால் காய்ச்சிடறேன். அப்புறமா வரட்டும்னு சொல்லுங்க." கொஞ்சம் கழித்து, "நான் கும்பிடலன்னா வீடு குடுக்க மாட்டாரா?"

"தெரியலம்மா."

"அப்ப கும்பிடறேன்."

குடிபோன அன்று பால் பொங்கி அடங்கியதும் தலை வந்தது. நிஜமாகவே சிரித்தது. நான் விழுந்தேன், இதுவரை எந்தக் கோயிலிலும் விழாத பணிவோடு. மகள் விழுந்தாள். மனைவி கடைசியாக விழுந்தாள். நாங்கள் எழுந்து நின்ற பிறகும் அவள் நெற்றி தரையிலேயே இருந்தது. தோள் குலுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

எழுந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. பெரியவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். இப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, சாவியை என்னிடம் நீட்டாமல் இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.