பாதி முகத்து அரசன்

இத்தாலியின் பலெர்மோவில் அருங்காட்சியகம் மூடப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. எதிரே எகிப்திய அரசன் ஒருவனின் கருங்கல் முகம். ஒரு கண்ணும் கன்னமும்தான் மிச்சம். என்னையறியாமல் கைகூப்பிவிடுகிறேன்.

"உடைஞ்சதைக் கும்பிடக்கூடாது, அண்ணை."

தரை துடைக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சிரிக்கிறார்.

"நீங்கள் கும்பிடுவதில்லையா?"

"இல்லை. காலமை வந்தோடனை பொஞ்ஜோர்னோ சொல்லுவன். இந்த ஊரிலை என்னட்டைப் பெர்மெஸ்ஸோ, இங்கை இருக்கிறதுக்கான அனுமதிக் கடுதாசி, கேக்காத ஒரே ஆள் இவர்தான்."

மூடும் மணி அடிக்கிறது. நான் பையை எடுக்கிறேன்.

"ஆறுதலாப் பாருங்கோ. இந்த அறையைக் கடைசியாத் துடைக்கிறன்."

வாளியோடு அடுத்த அறைக்குப் போகிறார். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கிறது.

கிளம்பும்போது அரசனுக்கு மாலை வணக்கம் மட்டும் சொல்கிறேன். கும்பிடு, அடுத்த அறையில் குனிந்து துடைத்துக்கொண்டிருப்பவருக்கு.