பனி கரையும் நாட்களில் நடந்த எங்கள் அக்கா

மரண அறிவித்தலில் அக்காவின் பிறப்பிடம் சாவகச்சேரி என்றும் வதிவிடம் யேர்மனி என்றும் போட்டோம். இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு. ஐம்பதைத் தொடாமலே முடிந்துபோன ஒரு வாழ்க்கையை அந்தக் கோட்டுக்குள் அடைத்துவிட்டோமே என்ற மனக்குறையில்தான், முப்பத்தோராம் நாள் கிரியையில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த மலரில் கடைசித் தம்பியாகிய நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர். அக்கா மூத்தவர். புகையிரத நிலையத்தில் வேலை பார்த்த அப்பா திடீரென்று காலமானபோது அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே படிப்பை விட்டுவிட்டுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் மூவருடைய பள்ளிக்கூடச் செலவும் அம்மாவின் மருந்தும் அவருடைய கையால்தான் நடந்தன. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பெரிதாகப் பேசியதில்லை. அத்தானைக் கைப்பிடித்து ஓராண்டுக்குள் ஷெல்லடி தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் இருவரும் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே காடும் வயலும் சூழ்ந்த ஒரு கிராமத்து அகதி விடுதியில் விடப்பட்டார்கள்.

அந்த ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதானால் கந்தோரில் போய்க் கேட்க வேண்டும். ஒரு அறைக்குள் நான்கு குடும்பங்களின் சமையல் மணம். அக்கா நடக்கத் தொடங்கியது அப்போதுதான். முதலில் விடுதியைச் சுற்றி, பிறகு வயல்வழியே நீரோடை வரைக்கும், பிறகு காட்டின் ஓரமாக.

விசா கிடைத்து, முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலையும் கிடைத்து, மகள் நிலானி பிறந்து, சொந்தமாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்த பின்னும் அந்தக் கிராமத்தை விட்டு வர அக்கா சம்மதிக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்த நான் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போனால், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அக்கா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். மற்றத் தமிழ் வீடுகளில் அந்த நேரம் படம் ஓடும்.

"இந்தக் குளிருக்குள்ள சும்மா நடக்கிறதுக்கோ அக்கா போறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டேய், இஞ்ச வந்த புதுசில எல்லாத்துக்கும் பெர்மிஷன் கேட்டனாங்கள். நடக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லாமல் இருந்தது. அந்த ருசி இன்னும் விடுகுதில்லை" என்றார்.

பனிக்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் அந்த இரண்டு மாதங்கள்தாம் அக்காவின் காலம். எங்களுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்போது, "அங்க பார்" என்பார். இலை வருவதற்கு முன்பே மஞ்சள் குஞ்சம் தொங்கும் புதர், பனித்திட்டு கரைந்த இடத்தில் தலைகவிழ்ந்து நிற்கும் வெள்ளைப் பூ, நீரோடைக் கரையில், வில்லோவுக்கு இங்கத்தைப் பெயரான வைடன் மரங்களின் கொப்பெல்லாம் பூனைக்குட்டியின் பாதம் போல மெத்தென்ற மொட்டுகள். வைடன் கொப்புகளை வெட்டி வந்து வளைத்துப் பின்னி வளையம் செய்வார். செர்ரிக் கொப்புகளை வெந்நீர் நிரப்பிய சாடியில் வைத்து, வெளியே பனி கொட்டும்போதே வீட்டுக்குள் பூக்க வைப்பார்.

அந்த நீரோடைக் கரையில்தான் பக்கத்துத் தெரு ஹெல்காவைச் சந்தித்தார். அக்காவின் வயதுதான் அவருக்கும். கணவர் இல்லை. இருவரும் ஒரே மரத்தில் ஒரே கொப்பைப் பிடித்தார்களாம். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது என்று இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள். ஈஸ்டருக்கு முன் இருவருமாகக் குசினியில் உட்கார்ந்து முட்டைக்குச் சாயம் போடுவார்கள். வயலோரத்தில் முளைத்த சின்ன இலை ஒன்றை முட்டையோடு சேர்த்து ஒட்டி, பழைய நைலோன் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி, வெங்காயத் தோலோடு அவிப்பார்கள். கட்டை அவிழ்த்தால் செம்மண் நிறமான முட்டையில் அந்த இலை மட்டும் வெளிறிய நிறத்தில், நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். வெங்காயத் தோலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. "இவ்வளவு வெங்காயம் தின்னும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை" என்று ஹெல்கா வியப்பார். கிராமத்துக் கிணற்றடியை ஈஸ்டருக்காக அலங்கரிக்கும் பெண்கள் அக்காவின் முட்டைகளைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

யேர்மனியில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்த ஆண்டு. போட்டிக்கு முந்திய அந்த மாசி மாதம், வைடன் கொப்பு வெட்டப் போன இடத்தில் அக்கா கத்திரிக்கோலைப் பிடித்தபடி நின்றார். அழுத்துகிறார், கொப்பு வெட்டுப்படவில்லை.

"குளிருக்குக் கை விறைச்சுப் போச்சு. இந்தா, நீ வெட்டு."

நான் வெட்டினேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதை நினைக்கவில்லை. ஈஸ்டர் வந்தபோது காலுறைத் துண்டை முடிச்சுப் போட முடியவில்லை. வெயில் வந்த பிறகும் கை விறைப்பு மாறவில்லை. ஊரெல்லாம் கொடி கட்டிக் கொண்டாடிய அந்தக் கோடையில் நாங்கள் ஒரு வைத்தியரிடமிருந்து இன்னொரு வைத்தியரிடம் அலைந்துகொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரு பெரிய வைத்தியசாலையில் நரம்பியல் வைத்தியர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக இறந்துகொண்டு போகின்றன. கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். மாற்ற மருந்து இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் "லைடர்" என்றார். துரதிர்ஷ்டவசமாக என்று அதற்கு அர்த்தம். நிலானி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அத்தான் வைத்தியரின் மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

திரும்பி வரும் வழியில் காருக்குள் அக்காதான் வாயைத் திறந்தார்.

"பாவம் அந்த மனுசன். எங்களுக்குச் சொல்ல ஏலாமல் என்ன பாடுபட்டவர்."

நாங்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. கனடாவில் இருக்கும் சின்ன அண்ணா அங்குள்ள வைத்தியர்களிடம் விசாரித்தார். கொழும்பிலிருந்து எண்ணெய் எடுப்பித்தோம். அம்மன் கோயிலில் அத்தான் வெயிலில் அங்கப்பிரதட்சணம் செய்தார். மூலிகை வைத்தியர், ஊசி வைத்தியர், யார் எதைச் சொன்னாலும் அங்கே போனோம். அக்கா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. எங்களுக்காகத்தான் வந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு வசந்தம் வந்தபோது அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு, மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது.

"வைடன் மொட்டு விட்டிருக்கும். என்னை ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றார்.

நானும் அத்தானும் தள்ளிக்கொண்டு போனோம். தார் வீதி முடியும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. வயல்வழியில் இறங்கியதும் பனி கரைந்த சேறு. பாதி தூரத்தில் சக்கரங்கள் புதைந்தன. முன்னே தள்ளினோம். பின்னே இழுத்தோம். நான் முன்னால் போய்த் தூக்க, அத்தான் பின்னால் முட்டுக்கொடுக்க, இன்னும் ஆழமாக இறங்கியதே தவிர அசையவில்லை. பெரிய பெரிய பொதிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள் என்னுடையவை. எலும்பும் தோலுமாகிப்போன என் அக்காவை அந்தச் சேற்றிலிருந்து அசைக்க என்னால் முடியவில்லை. நீரோடை கண்ணுக்குத் தெரிந்தது. வைடன் மரங்களும் தெரிந்தன. அந்தத் தூரத்திலிருந்து மொட்டு விட்டதா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை.

அத்தான் சேற்றுக்குள்ளேயே முழங்கால் குத்தி உட்கார்ந்துவிட்டார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். அத்தான் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"எழும்புங்கோ, களிசான் பழுதாப்போம்" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "விடு தம்பி. இதிலை இருந்தே பாப்பம்" என்றார்.

அப்படியே இருந்தோம். நான் ஓடிப்போய் கொப்பு ஒன்றை முறித்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வயலுக்கு மேலே ஒரு சின்னப் பறவை நின்ற இடத்தில் நின்றே பாடியது. குளிர் ஏற ஏற என் ஜாக்கெட்டைக் கழற்றி அவருடைய காலில் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர் எங்களைக் கண்டு இறங்கி, ஒன்றும் கேட்காமல் பலகை போட்டு நாற்காலியை வெளியே எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு அக்கா வெளியே கொண்டுபோகச் சொல்லிக் கேட்கவே இல்லை.

கடைசிப் பனிக்காலத்தில் பேச்சு முழுதாக நின்றது. கண்ணை மேலே தூக்கினால் ஓம். மூடித் திறந்தால் இல்லை. தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு இயந்திரம் பூட்டினால் இன்னும் சில ஆண்டுகள் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். நிலானி தாயின் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, பூட்டுவமோ?" என்று கேட்டாள். அக்கா கண்ணை மூடித் திறந்தார். நிலானி மறுபடி கேட்டாள். மறுபடியும் மூடித் திறந்தார். மூன்றாம் முறை கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

ஊரில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கே வர முடியாது. விசாவைப் பற்றிப் பேசவும் வழியில்லை. தொலைபேசி எடுபடும் நாட்களில் ரிசீவரை அக்காவின் காதில் வைத்துப் பிடிப்பேன்.

"பிள்ளை ஏன் கதைக்கிறாள் இல்லை?" என்று அம்மா கேட்பார்.

"கேட்டுக்கொண்டு இருக்கிறா அம்மா. நீங்கள் கதையுங்கோ."

அம்மா கதைப்பார். கோழி அடைவைத்தது, மதில் விழுந்தது, மாமரத்தில் பூ வந்தது. அக்காவின் கண்ணோரத்தில் நீர் வடியும். துடைக்க நான் இருந்தேன். அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றும் இல்லை.

மாசி மாத நடுப்பகுதியில் ஒரு மாலை. ஹெல்காவும் நிலானியும் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு முட்டைகளுக்கு இலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எதையோ சொல்ல நினைத்தார். மேசையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்ணியோ அக்கா?" இல்லை. "குளிருதோ?" இல்லை. "யன்னல் திறக்கவோ?" இல்லை. "வேற இலை வேணுமோ?" இல்லை. "நோகுதோ?" இல்லை. எழுத்து அட்டையை நிலானி காட்டினாள். கண் நிலைகொள்ளவில்லை, களைத்துவிட்டார். ஹெல்கா தன் மொழியில் கேட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை. நாங்கள் மாறி மாறிக் கேட்கக் கேட்க அக்காவின் பார்வை எங்கள் மூவரையும் சுற்றி வந்தது. கடைசியில் ஒரு நீண்ட மூச்சோடு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சின்ன விஷயமாக இருந்திருக்கலாம். பெரிய விஷயமாகவும் இருந்திருக்கலாம். என்ன என்று எங்களுக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அதற்கு இரண்டு கிழமை கழித்து, அத்தான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்கா அமைதியாக மூச்சை விட்டார். வெளியே கூரையிலிருந்து பனி உருகி ஒழுகும் சத்தம் கேட்டது. சாம்பலை ஊரிலோ ஓடும் ஆற்றிலோ கரைக்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினார்கள். ஊருக்குப் பாதை இல்லை. இங்கே ஆற்றில் கரைக்கச் சட்டம் இடம் தராது. கிராமத்து மயானத்திலேயே அக்காவைச் சேர்த்தோம்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களைத் தாங்கியவர்கள் பலர். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் சமைத்துக் கொண்டுவந்து கதவில் தொங்கவிட்டுப் போன டார்ம்ஸ்டாட், பிராங்பேர்ட் உறவுகளுக்கு. தன் தாயைப் போல அக்காவைக் கழுவித் துடைத்த தாதிப் பெண்ணுக்கு. பெயரையும் சொல்லாமல் போன அந்த விவசாயிக்கு. கிரியைகளை முறைப்படி நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கு. மலர்வளையத்தோடு வந்த கிராமத்துப் பெண்களுக்கு. எங்கள் மொழி விளங்காமலே எங்களோடு தேவாரத்துக்கு எழுந்து நின்ற ஹெல்காவுக்கு. தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கு. பெயர் விடுபட்ட எல்லோருக்கும் அத்தான், நிலானி, எங்கள் குடும்பத்தார் அனைவரதும் நன்றி உரித்தாகட்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது. இன்று லைன் தெளிவாக இருந்தது. கிரியைக்கு எல்லாம் ஆயத்தமோ என்று விசாரித்துவிட்டு, "அங்கை இப்ப என்ன காலம் தம்பி?" என்று கேட்டார்.

"வசந்தம் அம்மா. இந்தக் கிழமைதான் மரமெல்லாம் பூத்திருக்கு."

அம்மா மறுபடி கேட்டார்.

"என்ரை பிள்ளை போய் இன்னும் முப்பத்தொண்டு கழியேல்லை. அதுக்கிடையில பூத்திட்டுதோ?"

"ஓம் அம்மா" என்றேன்.