கழன்ற இடுப்பும் உயர்ந்த அடுப்பும்

தைப்பொங்கல் காலையில், பால் பொங்குகிற நேரம் பார்த்து என் இடுப்பு கழன்றது.

இடுப்பு மூட்டை மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பதிந்த, தாழ்வான இடத்தில் இருக்கக் கூடாது, குந்தக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்று ஆசுபத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் ஒழுங்காகக் கதிரையோடுதான் முற்றத்துக்குப் போனேன். பக்கத்து வளவில் இருக்கும் என் அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"பொங்கலுக்குக் கதிரையோ? சூரியனுக்கு முன்னாலை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே அரிசி போடப்போறாய்?"

கணவரும் போய், பிள்ளையும் இல்லாத எனக்கு அண்ணை சொல்வதுதான் சட்டம் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. நல்லநாள் பெருநாளில் சண்டை எதற்கு என்று அடுப்புக்கு முன்னால் குந்தினேன். ஒரு பிடி அரிசியை அள்ளிப் பானைக்கு எட்டினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். ஐயோ, அந்த நோவு என் எதிரிக்கும் வரக் கூடாது! கால் குட்டையாகி, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. அரிசி முழுக்க மண்ணில். பால் வழிந்து அடுப்பும் அணைந்துபோனது.

ஆசுபத்திரியில் மயக்கி, இழுத்துப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணை சொல்லிக்கொண்டிருக்கிறார்: "சொல்வழி கேட்டால்தானே? குந்த வேண்டாமெண்டு சொல்லி விட்டவை. இவ போய்க் குந்தினவ!" அட என் அண்ணையே! குந்தவைத்த வாய் எது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் உயரமான கதிரையை விட்டு எழும்பும்போது கழன்றது. இன்னொரு நாள் கட்டிலில் புரளும்போது. குந்தவுமில்லை, குனியவுமில்லை. "பட்ட காலிலைதான் படும்" என்றார் அண்ணை. என் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் தரச் சொன்னார். தன் வீட்டில் எனக்கு அறை ஒதுக்கிவிட்டாராம். மச்சாள் சாப்பாடு கொண்டுவந்து தருவாவாம். நான் பேசாமல் கிடந்தால் போதுமாம். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திறப்பைக் கொடுத்தால் நான் திரும்பி என் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் முறை பூட்டிய டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "அம்மா, உங்களிலை பிழையில்லை. பந்து இருக்கிற கிண்ணம் சரிஞ்சு நிக்குது. எவ்வளவு கவனமாயிருந்தாலும் கழரும். திரும்ப வெட்டி, கிண்ணத்தை மாத்திப் பெரிய பந்தாய்ப் போடலாம். ஆனால் முந்தினதைவிடப் பெரிய ஒப்பரேசன். கிருமி தொத்தலாம். இனிக் கழராதெண்டு நான் சத்தியம் பண்ணவும் மாட்டன்."

என்னில் பிழையில்லை. மாதக்கணக்காகக் கேட்ட பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

"வேண்டாம், டொக்டர்" என்றார் அண்ணை. "உந்த வயசிலை இன்னொரு வெட்டோ? என்ரை வீட்டிலை கிடக்கட்டும்."

"அண்ணை, இடுப்பு ஆற்றை?"

அவர் எக்ஸ்ரேயைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை. நீங்கள் வெட்டுங்கோ, டொக்டர்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். திரைக்கு அப்பால் தச்சுப்பட்டறை மாதிரிச் சுத்தியல் சத்தம். பயமில்லை என்று சொன்னால் பொய். தெரிந்த தேவாரமெல்லாம் பாதியில் மறந்துபோனது. 'அடி, நல்லாய் அடி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

திரும்ப நடக்கப் பழகியது பெரும்பாடு. ஊன்றுகோலோடு கிணற்றடிவரை போய் வருவேன். வேலிக்கு மேலால் அண்ணை பார்ப்பார். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே இன்னொரு தரம் போய் வருவேன். திறப்பு என் இடுப்பிலேயே சொருகியிருந்தது.

அடுத்த தை பிறந்தது. அதற்கு முதல்நாளே ஆள் பிடித்து, முற்றத்தில் சீமெந்துக் கற்களை அடுக்கி இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை போடுவித்தேன். அதன்மேல் மூன்று அடுப்புக்கல், அதன்மேல் பானை.

காலையில் வந்த அண்ணை படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி உது? பொங்கல் நிலத்திலையெல்லோ வைக்கிறது? சூரியபகவான் என்ன நினைப்பார்?"

பால் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. நிமிர்ந்து நின்றபடியே அரிசியை அள்ளிப் போட்டேன். ஒரு மணிகூட மண்ணில் விழவில்லை.

"அவருக்கு இன்னும் கிட்டவெல்லோ கொண்டுபோயிருக்கிறன், அண்ணை. வாங்கோ, உங்கடை நோகிற முழங்காலுக்கும் உந்த உயரம் நல்லது."

அண்ணை படலையைத் தாண்டி உள்ளே நடந்தார். கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்து, நின்றபடியே தன் பிடி அரிசியைப் போட்டார்.