விமானத்துக்கும் பல் பார்த்த டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்குக்கு 'அம்மா ஆசி' என்று ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் எனக்கு நம்பர் பிளேட், ஸ்டிக்கர் கடை. போனில் தாயம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு உதவியாக இருந்தவள்.

"அண்ணாச்சி, டாக்டரம்மா போயிட்டாக."

"அடுத்த மாசம்லா போறதாச் சொன்னாக? அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். அவர் வெளிநாட்டுப் பயணம் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தாயம்மா அழுத பிறகுதான் என் மரமண்டைக்கு விஷயம் ஏறியது. காலையில் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். பைக் சொந்தக்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஷட்டரை இறக்க மறந்துவிட்டேன் என்பது பக்கத்துக் கடைக்காரர் மறுநாள் சொல்லித்தான் தெரியும்.

டாக்டர் வேதவல்லியை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேராவது அவர் முன்னால் வாயைத் திறந்து படுத்தவர்கள்தான். "பால்கோவா ஊர்ல பல் டாக்டர். எனக்கு என்ன கொறச்சல்?" என்று சிரிப்பார். அவருடைய தம்பி இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, "சார், நான் பத்தாவதோட படிப்புக்குக் கும்பிடு போட்டவன். படிச்ச ஆளாப் பாருங்க" என்றேன். "அக்கா பார்த்த பல்லைப் பத்தி எழுத ஊரே இருக்கு. அக்காவோட பிளேனைப் பத்தி எழுத உங்கள விட்டா ஆள் கிடையாது" என்றார். அது உண்மைதான். அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மாவாக இருந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

நான் முதலில் போனது கடைவாய்ப் பல் வலிக்கு. ஆஸ்பத்திரி முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளை விமானம் இருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் அழாமல் இருக்க வாங்கி வைத்த பொம்மை என்று நினைத்தேன். உள்ளே படுக்க வைத்து, எங்கள் ஊரில் தயாராகும் ஆஸ்பத்திரிப் பஞ்சை வாய் நிறைய அடைத்துவிட்டு, "என்ன தொழில் பாக்கீங்க?" என்று கேட்டார். என்னால் பேச முடியாததால் தாயம்மா பதில் சொன்னாள். "ஸ்டிக்கர் கடை வச்சிருக்காக."

டாக்டரம்மாவின் கை நின்றது.

"உங்க மெஷின்ல முடி கனத்துக்கு ஒரு கோடு வெட்ட முடியுமா?"

"ஆ."

"நேரா வருமா?"

"ஆ."

"வளைவு?"

அந்த மூன்றாவது "ஆ" வலியில் வந்தது. அவர் மூன்றையும் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இப்படித்தான் நான் விமானத் துறைக்குள் நுழைந்தேன்.

அந்த விமானம் கடையில் வாங்கி வைக்கிற சாமான் இல்லை. பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். நாமே ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். நிஜ விமானத்தை நூற்று நாற்பத்து நான்கு மடங்கு சுருக்கியது என்று பெட்டியில் போட்டிருக்கும். அவருக்கு அதில் ஒட்டுவது பாதி வேலைகூட இல்லை. பெட்டிக்காரன் செய்து அனுப்பிய தப்பைத் திருத்துவதுதான் வேலை. மூக்கு கூர்மையாக இருக்கும், வால் குட்டையாக இருக்கும். இணையத்தில் நிஜ விமானத்தின் போட்டோக்களாக எடுத்துச் சுவரில் ஒட்டி, பல்லுக்கு வைக்கிற சிமென்ட்டை அப்பி, பல் ஆஸ்பத்திரியின் நீல விளக்கைக் காட்டி இறுக்கி, அடைத்த பல்லை வழவழப்பாக்குகிற பட்டையால் தேய்த்துத் திருத்துவார். மத்தியானம் நோயாளி இல்லாத நேரத்தில் போனால், நோயாளி படுக்கும் நாற்காலியில் விமானம் படுத்திருக்கும்.

ஒருநாள் இன்ஜினைக் காட்டினார். "பெட்டிக்காரன் இத உருண்டையாச் செஞ்சு வச்சிருக்கான். நிஜத்துல அடிப்பக்கம் தட்டை, ரெண்டு பக்கமும் உப்பலு. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை கன்னம் மாதிரி இருக்கணும், அண்ணாச்சி."

நானும் இரண்டு வாரம் பழகிவிட்டேன் அல்லவா, விவரம் தெரிந்தவன் போல, "ஆமா டாக்டரம்மா, மூஞ்சியும் சரியில்ல" என்றேன்.

"எங்க சரியில்ல? எம்புட்டு?"

விமானம் முழுவதையும் சுற்றி ஒரு விரலை ஆட்டிக் காட்டினேன்.

"சரியில்லன்னு மொத்தமாச் சொன்னா நான் எதத் தேய்க்க? பல்லு வலிக்குன்னு வாரவகளயும் இதான் கேக்கேன். எங்க, எம்புட்டுன்னு சொல்லாம மொத்தமா வலிக்குன்னா, மொத்தமாவா புடுங்க?"

என் வேலையையும் அவர் அப்படித்தான் சோதித்தார். விமானத்தின் பக்கவாட்டில் ஓடும் நீலப் பட்டையை நான் ஸ்டிக்கரில் வெட்டிக்கொண்டு போனேன். அதைப் போல ஒரு சுத்தமான வெட்டை என் கடையில் நானே பார்த்ததில்லை. டாக்டரம்மா விரல் நுனியால் தடவினார். "அண்ணாச்சி, இதே கனத்த நிஜ விமானத்துக்குப் பெருக்கிப் பாருங்க. விரல் கனத்துக்கு ஒட்டுன மாதிரி இருக்கும். விமானத்துக்கு யாராவது ரப்பர் பெல்ட் போடுவாகளா?" பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். ஸ்டிக்கரை ஒட்டாமல், பட்டை வரும் இடத்தை மட்டும் விட்டு மீதியை ஸ்டிக்கரால் மறைத்துப் பெயின்ட் அடிப்பது. வால் பக்கம் பட்டை மேலே ஏறுகிற வளைவுக்கு எத்தனை தரம் வெட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் பேச்சி, என் மனைவி, "அந்த அம்மா ஒங்களுக்குப் பல்லு பாத்தாகளா, பேயோட்டுனாகளா?" என்று கேட்டாள்.

எங்கள் மகள் கௌசல்யா நர்ஸ் படித்து மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவள். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கூடப் பணம் கட்டி, அவளுக்கு ஜன்னல் சீட்டாகப் போட்டேன். தெருவில் எல்லோரிடமும் அதைச் சொல்லியும் வைத்தேன். திருவனந்தபுரத்தில் ஏறியவள் மஸ்கட்டில் இறங்கியதும் போன் செய்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "மேகமெல்லாம் பாத்தியா?"

"அப்பா, ஜன்னல் சீட்டுல ஜன்னலே இல்லப்பா. செவருதான் இருந்துச்சு."

பேச்சி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "நீங்க பாத்துப் போட்ட சீட்டுல்லா. வேற எப்படி இருக்கும்?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், விமானம் அவருடைய சொந்தம் என்பதுபோலச் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லாமல் சீட் நம்பரைக் கேட்டார். சுவரில் இருந்த போட்டோக்களில் ஒன்றன் கீழே போய் நின்றார். "அவ போனதும் இதே மாதிரி விமானந்தான். இந்தா பாருங்க, றெக்கைக்குக் கொஞ்சம் முன்னால. ஜன்னல் வரிசையில ஒரு எடம் விட்டுப்போயிருக்கு. அடியில இருந்து ஏசிக் குழாய் அது வழியாத்தான் மேல போகுது. அதான் அங்க ஜன்னல் வைக்கல." சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. பெட்டிக்காரன் ஓர் இடம் விடாமல் வரிசையாக ஜன்னல் வைத்து அனுப்பியிருந்தான். எல்லாத் தப்பையும் பிடித்தவர் அதை விட்டுவிட்டார்.

"அய்யய்யோ அண்ணாச்சி! இத்தன நாளா இத வச்சுக்கிட்டா பெருமையா ஒக்காந்திருந்தேன்?"

பெயின்ட் அடித்து முடித்த விமானம் அது. வேறு யாராக இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். அவர் அன்றே வெளியே எடுத்து, சொத்தைப் பல்லை அடைப்பதுபோல அந்த ஒரு ஜன்னலை அடைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இந்தத் தப்ப எனக்குக் காட்டிக்குடுத்தது அண்ணாச்சி மக" என்றார். என் மகளுக்கு ஜன்னல் கிடைக்காததை ஒரு சாதனையாக மாற்றியவர் அவர் ஒருவர்தான்.

அப்போதுதான் நான் கேட்டேன். "நீங்க போகும்போது எந்த சீட்டுல டாக்டரம்மா ஒக்காருவீக?"

"நான் எங்க ஏறினேன்? எங்கம்மா படுக்கையில இருக்காக, தம்பியும் வெளியூர்ல. ஒருநா விட்டுட்டுப் போனாலும் யாரு பாப்பாக?" என்றார். சொல்லிவிட்டு அடைத்த ஜன்னலைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். விமானத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தவர் விமான நிலையத்துக்கே போனதில்லை.

சில மாதம் கழித்து கௌசல்யா போனில் அழ ஆரம்பித்தாள். தினமும் அதே பேச்சு. "இங்க புடிக்கலப்பா, வந்துடுதேன்." ஒப்பந்தக் காலம் முடியாமல் திரும்பினால் அந்த வேலை அத்தோடு போச்சு, மறுபடியும் கிடைப்பது லேசில்லை. நர்ஸ் படிப்பும் வெளிநாட்டு வேலையும் அவளே ஆசைப்பட்டுப் பிடிவாதமாக வாங்கியவை. எனக்கு அது எதுவும் அப்போது பெரிதாகப் படவில்லை. பிள்ளை அழுகிறது, வரட்டும். பேச்சியும், "வரச் சொல்லுங்க, எம்பிள்ளைக்கு நான் சோறு போடுதேன்" என்றாள். சரி, வா என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்த நாளில் நான் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் இருந்தேன். போன் வந்தது. அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. டாக்டரம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். எனக்கு இந்தப் பக்கப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது.

"கௌசல்யாவா? நான்தாம்மா, பல் டாக்டர். என்ன புடிக்கல? … எல்லாம்னு சொல்லாத. வேலையா? … வேலை புடிச்சிருக்கு. சரி. சாப்பாடா? … பழகிருச்சு. ஆளுகளா? … ரூம்ல கூட இருக்கிறவளா? என்ன செய்யுதா? … நீ தூங்குற நேரம் அவ லைட்டப் போட்டுப் போன் பேசுதாளா? ஒழுங்காத் தூங்கி எம்புட்டு நாளாச்சு? … அடிப்பாவி! அப்ப ஒனக்கு ஊரு புடிக்காம இல்ல. தூக்கம் பத்தல. போய் ரூம மாத்திக் கேளு. மாத்தலன்னா ஒங்கப்பாட்டச் சொல்லி நானே டிக்கெட் போட வைக்கேன்."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எனக்கு ஒரு ஒதவி செய்யி. லீவுக்கு வாரப்ப ஏறுற கதவ ஒரு போட்டோ எடு. கதவோரம் அழுக்கு எப்படிப் படிஞ்சிருக்குன்னு தெரியணும். திரும்பிப் போறப்பவும் ஒண்ணு எடு, என்னா?" என்றார்.

அறை மாறியது. அழுகை நின்றது. லீவுக்கு வந்தபோது கௌசல்யா கதவுப் போட்டோவோடு வந்தாள். திரும்பிப் போகும்போதும் எடுத்து அனுப்பினாள். அவளை ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் வரும்போது செங்கோட்டை தாண்டித்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அழுக்கு அழுக்குதானே, எதற்கு இரண்டு தடவை? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "திரும்பிப் போறப்ப வெயிலு வேற பக்கம் விழும்லா அண்ணாச்சி" என்றார், நிமிர்ந்தே பார்க்காமல். 'திரும்பிப் போறப்ப' என்ற சொல்லில் மட்டும் ஓர் அழுத்தம் இருந்தது.

போன வருஷம் அவருடைய அம்மா தவறினார். கொஞ்ச நாள் விமானத்தைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் பாஸ்போர்ட்டைக் காட்டினார். மஸ்கட்டுக்கு, கௌசல்யாவைப் பார்க்க. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கௌசல்யா உட்கார்ந்த அந்தச் சீட்டையே கேட்டுப் போட்டார்.

"ஜன்னல் இல்லாத சீட்டக் கேட்டு வாங்குற மொத ஆளு நீங்கதான் டாக்டரம்மா."

"உள்ள இருந்து பாத்தாத்தான நான் அடைச்ச எடம் சரியான்னு தெரியும்?"

அந்தப் பயணத்தைத்தான் தாயம்மா போன் செய்தபோது நான் நினைத்தேன்.

டாக்டரம்மாவைத் தகனம் செய்து முடித்து, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கௌசல்யா அழைத்தாள். தகவல் தெரிந்திருந்தது. "அப்பா, இனிமே இங்க இருக்க முடியும்னு தோணல. வந்துடுதேன்." பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன்.

"எது முடியல? வேலையா?"

"இல்ல."

"ரூம்ல ஏதும்?"

"இல்லப்பா. டாக்டரம்மாவுக்குன்னு லீவு வாங்கியிருந்தேன். கடலு காட்டணும், அதக் காட்டணும், இதக் காட்டணும்னு… இப்ப அந்த லீவுல நான் மட்டும் என்ன செய்ய?"

நான் மொட்டை மாடியில் ஓரத்துக்குப் போகாத ஆள். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. "அந்த லீவுக்கு நானும் ஒங்கம்மாவும் வாரோம்."

"யாரு, நீங்களா?" என்றாள் பேச்சி. போனில் கௌசல்யாவும் அதையேதான் கேட்டாள். இரண்டு பேருக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கௌசல்யா கொஞ்ச நேரம் பேசிவிட்டு, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டி அவருடைய தம்பி வீட்டுக்குப் போகிறது, அதுதான் முறை. எனக்கு மிஞ்சியது, பிள்ளை அழுதால் உடனே பதில் சொல்லிவிடாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிற பழக்கம். என் போன்ற அவசரக்காரனுக்கு அது பெரிய சொத்து.

நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனோம். பேச்சி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். சிரிக்கக் கூடாது, நேராகப் பாருங்கள் என்றார் போட்டோக்காரர். நேராகத்தான் பார்த்தேன். கண் கலங்கியிருக்கிறது என்று சொல்லி, முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.