அக்கரைக்குப் போகாத கார்டு

காயல் நடுவில் தீவாகக் கிடந்த கைதத்துருத்தில், சதானந்தனின் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கினவர் ஒருத்தரும் இல்லை. அப்பன் பாச்சு கழி ஊன்றி வள்ளம் தள்ளினான். பாச்சுவின் அண்ணன் நாணு வயலுக்கு நீரிறைக்கும் சக்கரம் மிதித்தான், தம்பி கரப்பன் காயலில் கக்காச் சிப்பி வாரினான். அதனால்தான், சதானந்தன் பதினெட்டு வயதில் ஒருவழியாகப் பத்தாம் வகுப்பு தேறியதும் பாச்சு அவனை டவுனுக்குக் கூட்டிப்போய், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்று பெயர் பதிந்து வந்ததைத் துருத்தே கல்யாணச் சேதி போலப் பேசியது.

மஞ்சள் கார்டு ஒன்று கிடைத்தது. அம்மா கார்த்தியாயனி அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னால் சொருகினாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் புதுக்கவேண்டும். தவறினால் சீனியாரிட்டி போய்விடும். வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். பாச்சு சாகும்போது மகனிடம் சொன்னதும் அதைத்தான். "மோனே, கார்டை மறந்துடாதே."

சதானந்தன் மறக்கவில்லை. அறுப்புக்குப் போனான், மண் சுமந்தான், புதுக்கும் மாதம் வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போட்டில் ஏறினான்.

அவன் பஞ்சாயத்தும் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. ஒரு வருஷம் குடை செய்ய, இன்னொரு வருஷம் சோப்புக் காய்ச்ச. பத்து நாள் வகுப்பு, தினமும் சாயாவும் பருப்புவடையும், கடைசி நாள் எம்.எல்.ஏ. கையால் சர்ட்டிபிகேட். சதானந்தனிடம் நாலு சர்ட்டிபிகேட் இருந்தன. அந்தக் குடையை யார் வாங்குவார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, அவனும் கேட்கவில்லை.

துருத்தை ஒட்டி ஓடும் கால்வாயான தோட்டுக்கு அந்தப் பக்கம் நெடுந்தோடு பஞ்சாயத்து. தாலுகாவும் வேறு. அங்கே பிரசிடெண்ட், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். அவள் முதலில் போட்டு முதலாளிகளிடம் ஆளனுப்பி, எஞ்சின் பழுது பார்க்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். பன்னிரண்டு பேர் என்றார்கள். பன்னிரண்டு பேருக்கு மட்டும் வகுப்பு வைத்தாள், ஆறு மாதம். ஆள் சேர்க்க வீடுவீடாக நடந்தாள்.

சதானந்தனின் அக்கா சரோஜினி வாக்கப்பட்டது அந்தக் கரையில். அவள் புருஷன் பொன்னப்பன் ஒருநாள் காலையில் வள்ளத்தைத் துழாவிக்கொண்டு வந்தான். அப்போது சதானந்தனுக்கு இருபத்தொன்பது.

"அளியா, பதினோரு பேர் ஆயாச்சு. ஒரு இடம் உனக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ எங்க பஞ்சாயத்து ஆளா இருக்கணும், அவ்வளவுதான். ரேஷன் கார்டுல உன் பேரை எங்க வீட்டுக்கு மாத்திடு."

சதானந்தன் முகம் மலர்ந்ததைக் கார்த்தியாயனி பார்த்தாள். அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"விலாசம் மாறினா இந்தக் கார்டு?"

பொன்னப்பனுக்குத் தெரியவில்லை. சதானந்தனுக்கும் தெரியவில்லை. ஆனால் துருத்தில் எல்லோருக்கும் வாசுவின் கதை தெரியும். வாசு எர்ணாகுளத்துக்குக் குடிபோனான். அவன் சீனியாரிட்டி போயிற்று. அவன் புதுக்க மறந்ததால்தான் போயிற்று என்பதை ஊர் மறந்துவிட்டது. தாலுகா தாண்டினால் கார்டு செத்துவிடும் என்பது மட்டும் நிலைத்தது.

"பதினோரு வருஷம்டா," என்றாள் கார்த்தியாயனி. "உங்க அப்பன் வெயில்ல நின்னு வாங்கினது. இன்னிக்கோ நாளைக்கோ கடுதாசி வரப்போற நேரத்துல கொண்டுபோய் தோட்டுல போடுவியா?"

"அம்மே, எஞ்சின் வேலை படிச்சா..."

"கிரீஸ் பூசிக்கவா உன்னைப் படிக்க வச்சோம்? வேணாம்டா. என் தலைல அடிச்சுச் சத்தியமாச் சொல்றேன்."

பொன்னப்பன் சாயாவைக்கூடக் குடிக்காமல் எழுந்தான். "அந்தப் படத்துக்குப் பின்னாடியே அவனையும் சொருகி வையுங்க அம்மே," என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினான். அந்தப் பன்னிரண்டாவது இடம் பென்னிச்சனுக்குப் போயிற்று. இன்றைக்கு அவனுக்கென்று மூன்று ஆள் வேலை செய்யும் பட்டறை இருக்கிறது.

சதானந்தனுக்கும் கடுதாசி வராமல் இல்லை. முப்பத்தைந்தாம் வயதில் வந்தது. பஞ்சாயத்துப் பம்ப் ஹவுஸில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. கார்த்தியாயனி துருத்து முழுக்கப் பாயசம் கொடுத்தாள். குளிக்கப்போகும் பெண்கள், "சர்க்கார் ஆபீசரே, கொஞ்சம் தயவு வைக்கணும்," என்று அவனைச் சீண்டினார்கள். நூற்றெழுபத்தொன்பது நாள் வேலை செய்தான். மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒரு நாள் வைத்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் அப்படித்தான். பெயர் மறுபடி வரிசைக்குப் போயிற்று. பெண் கொடுப்பதாக இருந்தவர்களும் போனார்கள்.

அவனுடைய நாற்பத்திரண்டாம் வயதில் கார்த்தியாயனி படுக்கையில் விழுந்தாள். புதுக்கும் மாதம் கழிந்தது. அதற்குமேல் சலுகையாகக் கொடுக்கும் இரண்டு மாதமும் அவள் பக்கத்திலேயே கழிந்து, கார்டைப் புதுக்கக் கடைசி நாள் வந்தது. அன்று காலையில் கஞ்சி ஊட்டும்போது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அன்னிக்கு உன்னைத் தடுத்தேனே. சரிதானேடா?"

"இப்ப எதுக்கு அது?"

"மனசு கிடந்து அடிச்சுக்குதுடா. ஆபீசுக்குத்தானே போறே? கேட்டுட்டு வா. போயிருந்தா சீனியாரிட்டி போயிருக்குமான்னு கேளு."

சரோஜினியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனான். எட்டாவது தடவை. ஏழு தடவையும் கார்டை நீட்டி, முத்திரை வாங்கி, கும்பிட்டுத் திரும்பினவன். அன்றுதான் முதன்முதலாக அந்த ஜன்னலில் வாய் திறந்தான்.

உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "யாரு சொன்னாங்க போகும்னு? ஒரு மனு எழுதிக்கொடுத்தா நாங்களே அந்த ஆபீசுக்கு அனுப்பிடுவோம். பதிஞ்ச தேதி அப்படியே இருக்கும் சேட்டா."

"எப்பலேருந்து இப்படி?"

"எப்பவுமே அப்படித்தான்." அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "சேட்டன் மாத்தணுமா இப்போ?"

"இல்ல மோளே. சும்மா கேட்டேன்."

பின்னால் நின்றவன் இடித்தான். சதானந்தன் வரிசையை விட்டு விலகினான். படகுத்துறைக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கார்த்தியாயனி கண் திறந்தாள். சரோஜினி கஷாயத்தைக் கையில் வைத்தபடி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டியாடா?"

"கேட்டேன் அம்மே. நீ சொன்னதுதான் சரி. போயிருந்தா அத்தனையும் போயிருக்குமாம்."

கார்த்தியாயனியின் மூச்சு சீராயிற்று. இரண்டு மாதமாகச் சுருங்கியிருந்த நெற்றி விரிந்தது.

"கார்டைப் புதுக்கிட்டியா?"

சதானந்தன் சட்டைப் பையைத் தொட்டான். கார்டு இருந்தது. ஜன்னலில் அதை நீட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்நேரம் ஆபீஸ் பூட்டியிருப்பார்கள்.

"புதுக்கிட்டேன்," என்றான். போய் அதைக் குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னால் சொருகினான், அம்மா பார்க்கும்படி.