அம்பாப் பாட்டுக்கு ராகம் எழுத வந்த வெள்ளிக்கிழமை

கல்முனைக் கடற்கரையில் நிற்கிறேன். கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் ராகத்தை எழுதி வரச்சொல்லி, பல்கலைக்கழக இசைக் கல்லூரிப் பேராசிரியர் என்னை அனுப்பியிருக்கிறார். ஒலிப்பதிவு இயந்திரம் கல்லூரியை விட்டு வெளியே வராதாம். எனக்குக் கொடுத்தது பென்சில். ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமை இந்த ஊரில் வலை போடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாளை விடியவே எனக்குப் பஸ்.

"சும்மா பாடிக் காட்டுங்களேன்" என்று வலைக்காரர்களின் தலைவரிடம் கெஞ்சுகிறேன். இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; இவர் ஈசா காக்கா.

"சும்மா இருந்தா அம்பா வராது, சேர். இழுக்கக்குள்ளதான் வரும். ஜும்ஆ முடிஞ்சி அந்தத் தோணிய மேட்டுக்கு ஏத்தணும், ஆள் காணாது. நீங்களும் ஒரு கை புடிங்க."

தொழுகை முடிந்து நாலைந்து பேர்தான் வருகிறார்கள். நானும் கயிற்றைப் பிடிக்கிறேன். பாட்டு எழும்புகிறது, இரண்டாவது அடியில் ராகம் பிடிபடும்போல் இருக்கிறது. பென்சிலை எடுக்கக் கையை விடுகிறேன். தோணி பின்னுக்குச் சறுக்குகிறது, பாட்டும் நின்றுவிடுகிறது.

"உடாதீங்க, சேர்" என்கிறார் காக்கா.

மூன்றாம் முறையும் இதே கதைதான். உள்ளங்கை தோலுரிந்து எரிகிறது, தாளில் ஒரு ஸ்வரம்கூட இல்லை. ராகம் வேண்டுமென்றால் பேராசிரியரே வந்து கயிற்றில் ஒரு கை பிடிக்கட்டும்.