பூட்ஸைக் கழட்டாத வாட்ச்மேன்

எங்க பீங்கான் பட்டறை வாட்ச்மேன் பூட்ஸைக் கழட்டி யாரும் பார்த்ததில்ல. விருத்தாசலத்து வெயில்ல, சூளை அனல்ல, நாங்கல்லாம் செருப்பே சுடுதுன்னு குதிப்போம். அந்த மனுசன் கறுப்பு பூட்ஸோட டக்கு டக்குன்னு நடப்பாரு. சாப்பிடறப்பவும் அதேதான். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாலும் வெளியவே நின்னு கும்புட்டுட்டு வந்துடுவாரு. மிலிட்டரியில இருந்தவருன்னு மட்டும் எங்களுக்குத் தெரியும்.

நான் அப்போ பொம்மைக்குக் கண்ணு எழுதுற வேலை. கை வேலையில இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. அந்த பூட்ஸுக்குள்ள என்னதான் இருக்குதுன்னு தெரியாம எனக்குத் தலையே வெடிச்சிடும் போல. ஆறு வெரலுன்னா ஒருத்தி. பாம்பு கடிச்ச தழும்புன்னா இன்னொருத்தி. பொறுக்க முடியாம ஒருநாள் நேராவே கேட்டேன்.

"ஏண்ணே, தூங்கறப்பவாச்சும் அதைக் கழட்டுவீங்களா?"

"நீ மொதல்ல பொம்மைக்கு ஒழுங்கா கண்ணை எழுதும்மா, மாறுகண்ணு ஆயிடப் போவுது"ன்னு சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு. ஆளு கழுவுற மீன்ல நழுவுற மீனு.

பங்களாதேஷ் சண்டை முடிஞ்சி அடுத்து வந்த சுதந்திர தினம். எப்பவும் மொதலாளிதான் கொடி ஏத்துவாரு. அந்தத் தடவை, "நாட்டுக்காக நின்ன ஆளு நம்மகிட்டயே இருக்கறப்ப நான் எதுக்கு"ன்னு வாட்ச்மேனை ஏத்தச் சொல்லிட்டாரு. அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! வாசல் கேட்டுகிட்ட உக்காந்து பூட்ஸைத் தேய் தேய்னு தேய்ச்சாரு. டீக்கடைக்காரர்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும், "வந்துடுங்க, நான்தான் ஏத்தறேன்"னு சொல்லி வெச்சாரு.

எங்களுக்குக் கொடின்னா கோயில்ல ஏத்துற கொடிதான். அச்சுல பொம்மை வார்க்குற அக்கா ஒருத்தவங்க இருந்தாங்க, அவங்க வாய்க்கு மொதலாளியே பயப்படுவாரு. அவங்கதான் விடிகாலையில வந்து, பொம்மை வார்க்குற வெள்ளை மண்ணைக் கரைச்சி கம்பத்தைச் சுத்திப் பெரிய கோலம் போட்டாங்க. கம்பத்துக்கு மஞ்ச, குங்குமம், கீழ சூடம். "செருப்பைக் கழட்டிட்டுக் கோலத்துக்குள்ள வாங்க"ன்னு ஒரு அதட்டல். எல்லார் செருப்பும் சூளையோரம் குவிஞ்சிடுச்சி.

அண்ணன் காக்கி உடுப்புல, மார்ல மெடலோட வந்தாரு. கோலத்தோரம் நின்னுட்டாரு.

"பூட்ஸைக் கழட்டுங்க"ன்னாங்க அக்கா.

"கழட்டுனா நிக்க முடியாதும்மா."

"ஏன், உள்ளாற வேர் விட்டிருக்குதா? கொடி மேல பக்தி இருந்தா கழட்டுங்க. இல்லாட்டி மொதலாளியே ஏத்தட்டும்."

எனக்குப் பகீர்னுச்சி. மொதலாளியும் மெதுவா கயித்துகிட்ட நகர்ந்தாரு. அண்ணனுக்கு மொகமே செத்துப்போச்சி. குத்த வெச்சி உக்காந்து ஒரு பூட்ஸை அவுத்தாரு. உள்ளாற இருந்து சுருட்டி அடைச்ச துணி வந்துச்சி. அப்பறம் காலு. வெரல் ஒண்ணுகூட இல்ல.

"சீனாக்காரன் சண்டையில பனி தின்னுடுச்சிம்மா"ன்னாரு, என்னமோ அவர் செஞ்ச தப்பு மாதிரி. "ரெண்டு காலும் இப்படித்தான். பூட்ஸு இருந்தாத்தான் நிமிர்ந்து நிப்பேன். கொடிக்கு முன்னாடி தள்ளாடக் கூடாது பாரு."

இத்தனை நாளா தெரிஞ்சிக்கத் துடிச்சேனே, தெரிஞ்சதும் ஏன்தான் தெரிஞ்சிச்சோன்னு ஆயிடுச்சி.

அக்கா விடுவிடுன்னு சூளையோரம் போயி தன் செருப்பை மாட்டிக்கிட்டாங்க. கோலத்தை மிதிச்சிக்கிட்டே வந்து கம்பத்துகிட்ட நின்னாங்க. "என்னடி வேடிக்கை? எல்லாரும் போட்டுக்கிட்டு வாங்கடி!"ன்னு கத்துனாங்க.

ஒரே தள்ளுமுள்ளு. எனக்குக் கெடைச்சது ஒரு காலுக்கு என்னுது, இன்னொரு காலுக்கு எவளுதோ. மொதலாளிகூட மாட்டிக்கிட்டு வந்தாரு.

அண்ணன் துணியை அடைச்சி, பூட்ஸைக் கட்டி, கோலத்து மேல நடந்து வந்தாரு. கயித்தை இழுத்ததும் கொடி விரிஞ்சி, உள்ள வெச்சிருந்த பூவெல்லாம் அந்த பூட்ஸு மேல உழுந்துச்சி. அவர் அசையாம சல்யூட்ல நின்னாரு. அக்கா குனிஞ்சாங்க. பூட்ஸு மேல கெடந்த பூவுல ஒண்ணை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.